சூரமங்கலத்தில் எழுபத்தொரு நிமிடம்

1

இதை எழுத என் மகள் மூன்று நிபந்தனைகள் வைத்தாள். அவள் பெயர் வரக் கூடாது. அவள் கேட்கும் இசைக்குழுவின் பெயரும், சூரமங்கலத்துக்காரரின் பெயரும் வரக் கூடாது. மூன்றாவது, அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் என்ன கேட்டேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எழுதி முடித்ததும் அவளுடைய அம்மா உரக்கப் படித்துக் காட்டப்போகிறாள். ஆகவே எதையும் பூசி மெழுக எனக்கு வழியில்லை.

நான் நாமக்கல்காரன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்து, டிப்ளமோ முடித்து, பத்தொன்பது வருடங்களாக சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்து லாரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். பிரேக் குழாய்களில் காற்று கசிகிறதா என்று பார்ப்பது என் வேலை. எது எங்கே கசியும் என்று பயந்துகொண்டே இருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று என் மனைவி கேலி செய்வாள். ஜூலை மாதத்துக்குப் பிறகு அந்தக் கேலியை அவள் சொல்வதில்லை.

இப்போதெல்லாம் நாலரை மணிக்கு டிராமிலிருந்து இறங்கி வீட்டுக் கதவைத் திறந்ததும் கீழேதான் பார்க்கிறேன். மகளின் கறுப்பு பூட்ஸ் விரிப்பின் மேல் கிடந்தால் மூச்சு வருகிறது. கிடக்கவில்லையென்றால் கோட்டைக் கழற்றாமல் நிற்கிறேன். அவள் நூலகத்தில் இருப்பாள், அல்லது ரொட்டி வாங்கப் போயிருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோட்டைக் கழற்ற மனம் வருவதில்லை.

2

அவளுக்குப் பதினைந்து வயதில் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு பாட்டை அனுப்பினாள். பதினெட்டு நிமிடம் ஓடும் பாட்டு. முதல் ஏழு நிமிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். புரோகிரசிவ் ராக் என்று அதற்குப் பெயராம். கிடாரும் ஆர்கனும் புல்லாங்குழலும் சேர்ந்து வரும். தாளம் ஓரிடத்தில் நிற்காது. நான்கு போலத் தொடங்கும், ஏழாகும், ஐந்தாகும். நாம் தலையாட்டத் தொடங்கும்போது வேறெங்கோ போயிருக்கும். இந்த முறை ஊருக்குப் போனபோது என் அக்காவின் கணவர், அதாவது என் மச்சான், தன் லாரியின் கேபினில் இருந்த ஸ்பீக்கரில் இதைப் போட்டுக் கேட்டுவிட்டு, "ஏனம்மிணி, டீசல் லைன்ல ஏர் புடிச்சா இப்படித்தான் வண்டி திக்கித் திக்கி ஓடும். இதப்போயி காசு குடுத்துக் கேக்கறாங்களா?" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அந்தக் குழுவுக்கு உலகமெங்கும் ரசிகர்கள். அவர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம். அங்கே புதிதாக வருகிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: இந்த ஒரு பாட்டு பிடித்திருக்கிறது, அடுத்து எந்த ஆல்பத்தைக் கேட்பது? பதினோரு ஆல்பங்கள் இருக்கின்றன. பழைய ரசிகர்கள் பதில் சொல்வதில் அடித்துக்கொள்வார்கள். வெளிவந்த வரிசையில்தான் கேட்க வேண்டும் என்று ஒரு கட்சி. கடைசியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும் என்று இன்னொரு கட்சி. ஐந்தாவது ஆல்பத்தைத் தொடவே கூடாது, அது பாடகர் மாறிய வருடம் என்று சொல்ல ஒருவர். ஐந்தாவதுதான் உச்சம் என்று அவரை வம்புக்கு இழுக்க நாலு பேர்.

என் மகள் கேட்டபோது நாற்பது பதில்கள் வந்தன. அதில் ஒன்று மட்டும் நீளமாக இருந்தது. "முதல் ஆல்பத்தில் ஆரம்பிக்காதே. அதில் ஒவ்வொருவரும் தனக்கு என்ன வாசிக்கத் தெரியும் என்று காட்டுகிறார்கள். இரண்டாவதில்தான் ஒருவர் வாசிப்பதை மற்றவர்கள் கேட்கத் தொடங்குகிறார்கள். அங்கே ஆரம்பி. மூன்றாவதைக் கடைசிக்கு வைத்துக்கொள், அவசரப்படாதே. ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் கேள், போனை அணைத்து வேறு அறையில் வைத்துவிடு." எழுதியவரின் பெயருக்குக் கீழே சேலம், தமிழ்நாடு என்று இருந்தது.

மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தாள். "அப்பா, சேலம் உங்க ஊர்தானே?"

நான் நகராட்சிக்கு அனுப்ப வேண்டிய ஏதோ படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். எங்க ஊர் நாமக்கல், சேலம் வேறு மாவட்டம் என்றேன். எந்தக் காலத்தில் பிரிந்தது என்பதையும் சொல்லியிருப்பேன். அவள் மடிக்கணினியை மூடிக்கொண்டு போனாள். அவளைத் துருவித் துருவிக் கேட்கும் அப்பன் நான். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

3

இங்கே பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்ததும் பெற்றோர் கூட்டத்தில் மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுப்பார்கள். எங்கே போகிறாய், யாருடன் போகிறாய், எப்போது வருவாய். இதைக் கேட்பது சந்தேகம் ஆகாது, வழக்கமாகிவிட்டால் பிள்ளையும் தானாகவே சொல்லிவிடும் என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மகள் பூட்ஸ் மாட்டும்போதே மூன்றுக்கும் பதில் வந்துவிடும்.

ஊரில் இது தலைகீழ். வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் தடைப்படும் என்பார்கள் என்பது இதைப் படிக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். லாரிக் குடும்பத்தில் இது இன்னும் கடுமை. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகு வண்டியைப் பார்த்து யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எப்போது திரும்பும் என்று கேட்கவே மாட்டார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிய என் அப்பாவிடம் எப்பப்பா வருவீங்க என்று கேட்டுவிட்டேன். அந்த நடையில் வண்டி வடக்கே எங்கேயோ கவிழ்ந்து, அவர் கால் முறிந்து வந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. அம்மா என்னைப் பார்த்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. டிப்ளமோ படித்தவன்தான், இதெல்லாம் நம்பிக்கை இல்லாதவன்தான். ஆனால் நாமக்கல் மண்ணில் கால் வைத்தால் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

ஜூலை விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணி. திருச்செங்கோடு சாலையில் அக்கா வீட்டு வாசல். மகள் தோளில் பையோடு வந்தாள். கறுப்புச் சட்டை போட்டிருந்தாள், அதன் மேல் அந்தக் குழுவின் படம். எங்கே என்று கேட்க நான் வாய் திறந்ததும் அக்கா கையை உயர்த்தித் தடுத்தாள்.

"கெளம்பற புள்ளயப் பாத்து அதக் கேக்கறதா? வெளிநாடு போனா எல்லாம் மறந்துருமா?" என்றாள். பிறகு மகளிடம், நம் வழக்கப்படி, "தூரமா சாமி?" என்றாள்.

"கொஞ்சம் தூரந்தான் அத்தை. மத்தியானம் வந்துருவேன்."

"சரி கண்ணு. பாத்துப் போயிட்டு வா."

மகள் உடனே போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். மூன்று கேள்விகளுக்காகக் காத்திருந்தாள் என்பது எனக்கு இப்போது புரிகிறது. நான் சிரித்துத் தலையாட்டினேன். கடைவீதிக்குப் போவாள், பெரியப்பா மகள் வீட்டுக்குப் போவாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள்.

4

பன்னிரண்டு மணிக்கு என் மனைவி அவளை அழைத்தாள். போன் அணைக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டேகாலுக்கும் அப்படியே. பெரியப்பா மகள் வீட்டுக்கும் அவள் போகவில்லை. கடைவீதியில் தேட ஆள் போய்வந்தது. என் மகள் போனை அணைத்து நான் பார்த்ததே இல்லை. குளிக்கும்போதுகூட அது பாடிக்கொண்டிருக்கும்.

பன்னிரண்டரைக்கு என் மனைவியைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கிணற்று மேட்டில் மண்டியிட்டு, செல்போன் விளக்கை உள்ளே பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில். கிணற்றுக்குள் விளக்கே தேவையில்லை, தண்ணீர் பளபளவென்று தெரிந்தது. நானும் குனிந்து பார்த்தேன். எங்கள் இரண்டு தலைகளும் அதில் தெரிந்தன. அதைத் தாண்டி வேறொன்றும் இல்லை. ஆனாலும் இருவரும் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. இன்றும் கண்ணை மூடினால் அந்தத் தண்ணீர்தான் வருகிறது.

போலீசுக்குப் போகலாம் என்றேன். அங்கே உட்கார வைத்து எழுதி முடிக்கப் பொழுது போய்விடும் என்றார் மச்சான். எங்கே போனாள் என்று கேட்பார்கள், நான் என்ன சொல்வேன்? கேட்கவில்லை என்றா?

லாரிக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. லைனுக்கு, அதாவது நெடுந்தூரம் போன வண்டியிலிருந்து தகவல் இல்லையென்றால், வண்டியின் படத்தை வாட்சப் குழுக்களில் போடுவார்கள். டோல்கேட்டில் நிற்பவர், டாபாவில் சாப்பிடுபவர் என்று யாராவது பார்த்திருப்பார்கள். அரை மணியில் பதில் வந்துவிடும். மச்சானின் வண்டி ஒன்று ஒருமுறை ஒடிசாவில் தொலைந்து அப்படித்தான் கிடைத்தது.

"வண்டியவே கண்டுபுடிக்கறாங்க, புள்ளயக் கண்டுபுடிக்க மாட்டாங்களா? போட்டோ உடு மாப்ள" என்றார்.

படம் என் போனில்தான் இருந்தது. ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்கள் பால்கனியில் நின்று சிரிக்கும் படம். காணவில்லை, வயது பதினேழு, தமிழ் சரளமாகப் பேச வராது, கறுப்புச் சட்டை, பார்த்தவர்கள் உடனே அழைக்கவும் என்று மச்சான் சொல்லச் சொல்ல எழுதி, என் எண்ணையும் போட்டு, நானே அனுப்பினேன். மச்சான் அதை ஏழு குழுக்களுக்கு அனுப்பினார். மணி ஒன்றேகால்.

ஒன்று ஐம்பதுக்குச் சேலத்திலிருந்து ஒரு டெம்போ ஓட்டுநரின் குரல் வந்தது. பதினோரு மணி வாக்கில் சூரமங்கலத்தில் டவுன் பஸ்ஸிலிருந்து இந்தப் பெண் இறங்கியதாகவும், ஜங்ஷன் பக்கத்து ரயில்வே குடியிருப்புக்குள் போனதாகவும், ஒரு ஆம்பளை கதவைத் திறந்து உள்ளே கூட்டிக்கொண்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார்.

நாங்கள் காரில் ஏறினோம். நாமக்கல்லிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரமாவது ஆகும். மச்சான் சேலத்தில் தனக்குத் தெரிந்த லாரி புக்கிங் ஆபீஸ்காரர்களை அழைத்து, உடனே போய் நில்லுங்கள் என்றார். நிற்கத்தான் சொன்னார். நானும் காதால் கேட்டேன். ஆனால் அவர் குரலில் இருந்தது வேறு, அதைத் தடுக்க எனக்கு மனமில்லை. ராசிபுரம் பிரிவைத் தாண்டும்போது, கதவை உடைத்தாலும் சரி என்று நான் நினைத்தது நிஜம்.

5

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியானவர். துண்டை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார், துண்டில் ரத்தம். மற்றக் கையில் ஒரு பக்கம் கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடி. சட்டைப் பொத்தான் மூன்று இல்லை. புக்கிங் ஆபீஸ்காரர்கள் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாம் வெளியே வந்திருந்தார்கள். சிலர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

உள்ளே கூடத்தில் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு, பாய் விரித்த தரை, டீ டம்ளர்கள். என் மகள் சுவரோரமாக நின்றாள். அவளுடன் தர்மபுரியிலிருந்து வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரு பல் மருத்துவர், அந்த வீட்டுக்காரரின் மனைவி. அந்த அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை. படிக்கட்டில் இருந்தவர்தான் வீட்டுக்காரர், மன்றத்தில் என் மகளுக்கு நீளமாகப் பதில் எழுதியவர். மாதம் ஒரு ஞாயிறு அந்த வீட்டில் இவர்கள் கூடுவார்களாம். ஆளுக்கொரு ஊரிலிருந்து வருவார்கள். வந்ததுமே எல்லாப் போன்களையும் அணைத்து ஒரு போசிப் பாத்திரத்துக்குள் போட்டுச் சமையலறையில் வைத்துவிட்டு, ஒரு ஆல்பத்தை முழுதாகக் கேட்பார்கள். அன்றைக்கு மூன்றாவது ஆல்பம்; தர்மபுரிப் பெண்கள் வரத் தாமதமாகி, ஒரு மணிக்கு மேல்தான் தொடங்கினார்களாம். எழுபத்தொரு நிமிடம். இரண்டு வருடமாக என் மகள் கேட்காமல் மிச்சம் வைத்திருந்தது.

இவ்வளவும் எனக்குப் பிறகு தெரிந்தது. உள்ளே நுழைந்த அந்த நிமிடத்தில் எனக்கு எதுவும் தெரியாது. எழுதச் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டேன். மகள் என் எதிரில் நின்றாள். அழவில்லை. நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. உனக்கு ஒன்றுமில்லையே என்றுகூடக் கேட்கவில்லை. பின்னாலேயே எழுந்து வந்த அந்த மனிதரிடம் திரும்பி, "உங்க போனை எடுங்க, பாக்கணும்" என்றேன்.

மகள் சுவீடிஷில், வேண்டாம் அப்பா என்றாள். இரண்டு முறை சொன்னாள்.

அவர் மறுக்கவில்லை. போசியிலிருந்து எடுத்து, திறந்து, கையில் கொடுத்தார். நான் நின்றபடியே படித்தேன். இரண்டு வருடத்துச் செய்திகள். ஐந்தாவது ஆல்பம் இவளுக்குப் பிடிக்கவில்லை என்கிறாள், ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேள் என்கிறார். ஒன்பதாவதில் நாலாவது பாட்டில் இடது பக்கம் மட்டும் ஒரு மணிச் சத்தம் வருகிறது, கேட்டாயா என்கிறார். கேட்டேன் என்கிறாள். என் வீட்டில் யாருக்கும் இது புரியாது என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். என் மனைவிக்கும் நான் கேட்பது புரியாதுதான், ஆனால் டீ போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருவாள், உன் அப்பாவிடம் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டு, சின்னதாகப் பார்த்துப் போடு என்று அவர் பதில் எழுதியிருந்தார்.

நான் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஏதாவது இருக்க வேண்டும் என்று தேடினேன். அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"படிச்சு முடிச்சுட்டீங்களா சார்?" என்றார் அந்த ஆசிரியை. "அலமாரி பீரோ எல்லாம் இருக்குது. அதையும் தொறந்து பாத்துட்டே போயிடுங்க."

அவர் மனைவியைக் கையமர்த்தினார். "விடு. பொண்ணைப் பெத்தவங்க." பேசியதில் உதட்டிலிருந்து மறுபடி ரத்தம் வந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசை. கேட்கவில்லை. போனை அவர் கையில் வைத்துவிட்டு, மகளைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். திரும்பும் வழியெல்லாம் அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். அதுவும் கார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"இன்னும் ஆறு நிமிஷம் இருந்துச்சு."

6

கிடைத்துவிட்டாள் என்று மச்சான் ஏழு குழுக்களிலும் செய்தி போட்டார். அது எங்கேயும் போகவில்லை. காணவில்லை என்றால் ஆளுக்கு ஆள் அனுப்புகிறார்கள், கிடைத்துவிட்டாள் என்றால் கைகூப்பிவிட்டு விட்டுவிடுகிறார்கள். மறுநாளே என் மகளின் படம் வேறு வாசகத்தோடு எனக்கே திரும்பி வந்தது. மனநிலை சரியில்லாத பெண் என்று யாரோ சேர்த்திருந்தார்கள். இரண்டு நாளில் கடத்தப்பட்டாள் என்றானது. அந்தப் படிக்கட்டில் எடுத்த நாற்பது நொடி வீடியோவும் கூடவே ஒட்டிக்கொண்டது. அதில் அவர் முகம் தெளிவாகத் தெரிகிறது. மாட்டினான் என்று மேலே எழுதியிருந்தது.

ஆபீசில் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்களாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்த அம்மாளிடம் டியூஷனுக்கு வருவது நின்றுவிட்டதாம். நாங்கள் விமானம் ஏறிய பிறகு மச்சான் ஒரு பை ஆப்பிளோடு அங்கே போயிருக்கிறார். மச்சான் யாரிடமும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் போனில் அவர் குரல் இறங்கிக் கிடந்தது.

"அந்தம்மா கதவுச் சங்கிலியவே கழட்டல மாப்ள. நாஞ் சொன்னதெல்லாங் கேட்டுச்சு. கேட்டுட்டு, சரிங்க, வாங்கன்னு சொல்லிச் சாத்திருச்சு. அடிச்சிருந்தாக்கூட வெசனமில்ல. பழத்த அப்படியே திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்."

நான் நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். பதில் இல்லை. மன்றத்திலிருந்தும் அவர் விலகிவிட்டார். அவர் எழுதியவை எல்லாம் அங்கே அப்படியே இருக்கின்றன, எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் நீக்கப்பட்டவர் என்று வருகிறது. இது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் மகள் அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பள்ளியிலிருந்து அழைத்தார்கள். அப்பா என் படத்தைக் கேட்காமல் ஊரெல்லாம் அனுப்பிவிட்டார் என்று அங்கே ஆலோசகரிடம் மகள் சொல்லியிருக்கிறாள். மென்மையாகப் பேசும் பெண்மணி அவர். ஒரு படிவத்தைப் படித்துப் படித்துக் கேட்டார். படம் எத்தனை பேரிடம் இருக்கிறது? தெரியாது. எந்த நாட்டில்? ஆரம்பம் இந்தியா, இப்போது தெரியாது. திரும்பப் பெற என்ன செய்தீர்கள்? பத்தொன்பது வருடம் பேசிய மொழி அந்த அறையில் என்னைக் கைவிட்டது. வினைச்சொல் வரவில்லை. மொழிபெயர்ப்பாளரைப் போனில் கூப்பிட்டார்கள். வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், மிகவும் மரியாதையானவர். என் நாமக்கல் தமிழையும் அவர் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான்: பயமாக இருந்தது, அதனால் அனுப்பினேன். ஆலோசகர் அதைக் கட்டத்துக்குள் எழுதிக்கொண்டார். மகள் பக்கத்து நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அழைப்புகள் மட்டும் நிற்கவில்லை. கரூர், ஓசூர், பிறகு கர்னூல், சோலாப்பூர். எல்லாரும் நம் ஓட்டுநர்கள், எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான். எண்ணை மாற்று என்றாள் மனைவி. என்னால் முடியவில்லை. அந்த எண்ணை எடுக்க ஆளில்லாமல் போனால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. தெரியாமல் பயந்துகொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

7

மதியச் சாப்பாடு. அபூர்வமாக மகளும் மேசையில் இருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, கை ஈரம், ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க, வணக்கமுங்க. நான் பரமத்தி வண்டி டிரைவருங்க, நாக்பூர் தாண்டி டாபாவுல நிக்கறனுங்க. நீங்க வெசனப்படாதீங்க. உங்க புள்ள இங்கதானுங்க இருக்குது."

இல்லைங்க, அது பழைய செய்தி, பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்றேன். அவர் நம்பவில்லை. சாடை அச்சாக அப்படியே இருக்கிறது என்றார். கேட்டால் இந்தியில் ஏதேதோ சொல்லுகிறது, மனநிலை சரியில்லாத பிள்ளை என்று போட்டிருக்கிறீர்களே, அதனால் பேச்சைக் கேட்கவில்லை என்றார். பிறகு சொன்னார்:

"தப்பிச்சுப் போகாதபடிக்கு நாங்க ஆறு பேரு சுத்தி நிக்கறமுங்க. நீங்க ஆளு அனுப்பற வரைக்கும் உட மாட்டமுங்க."

பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. கத்தவில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு இந்தி தெரியாது. அந்தக் குரலைப் புரிந்துகொள்ள இந்தி தெரிய வேண்டியதில்லை.

என் கையில் சோப்பு வழிந்தது. நான் மறுபடி கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் எழுந்து வந்து போனை எடுத்தாள். வீடியோவுக்கு மாற்றினாள். திரையில் முண்டாசு கட்டிய ஒரு முகம், அதன் பின்னால் லாரி, சில முதுகுகள், இடுக்கில் ஒரு நீலத் துப்பட்டா.

"அண்ணா, என்னைப் பாருங்க. போட்டோல இருக்கறது நான்தான். நான் எங்க ஊட்ல இருக்கறேன்."

ஓட்டுநர் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவள் ஓடிப்போய் அந்த ஹெட்போனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். படத்தில் நின்ற அதே பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"அட சாமி" என்றார் அவர்.

"அவங்களுக்கு வழி உடுங்க அண்ணா. எல்லாரையும் நகரச் சொல்லுங்க. நான் பாத்துட்டே இருக்கறேன்."

அவர் திரும்பி ஏதோ சொன்னார். முதுகுகள் விலகின. என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சாடை ஒன்றும் அப்படி இல்லை. தோள்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், முதலில் நடந்து, பிறகு வேகமாக நடந்து, நெடுஞ்சாலையில் நின்ற பஸ்ஸில் ஏறினாள். பஸ் கிளம்பும் வரை மகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓட்டுநர் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் ஒரு புள்ள இருக்குதுங்க, அதனாலதானுங்க என்றார். மகள் அவரிடம், பரவாயில்லைங்க அண்ணா என்றாள். அந்தச் சொல்லை என்னிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.

பிறகு போனை மேசைமேல் இருந்த ஊறுகாய்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து, தன்னைத்தானே வீடியோ எடுத்தாள். அம்மாவிடம் சொற்களைக் கேட்டுக் கேட்டு, ஐந்து முறை. ஆறாவதில் திக்காமல் வந்தது. நான் காணாமல் போகவில்லை. சூரமங்கலத்து அண்ணாவும் அவர் ஊட்டு அக்காவும் எனக்கு டீ குடுத்தாங்க. நாங்க பாட்டுக் கேட்டோம். அவரை அடிச்சது தப்பு. யாராவது என் படத்தைப் பாத்தா இதை அனுப்புங்க. அதோடு நிறுத்துவாள் என்று நினைத்தேன். குழுவின் பெயரைச் சொல்லி, புதுசாக் கேக்கறவங்க ரெண்டாவது ஆல்பத்துல ஆரம்பிங்க, சேலத்து அண்ணா சொன்ன வரிசை அதுதான் என்று முடித்தாள்.

போனை என்னிடம் நீட்டினாள்.

"அதே குரூப்புக்கு எல்லாம் அனுப்புங்க. நீங்கதானே முதல்ல அனுப்பினீங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. முன்பு போனது அசையாத படம். இது அவள் முகம், அவள் குரல், எங்கள் சமையலறை, எங்கள் ஜன்னல். இதை யார் யார் பார்ப்பார்கள், எதை வெட்டுவார்கள், மேலே என்ன எழுதுவார்கள் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவளுக்கும் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். அவள் கையைத் தாழ்த்தவில்லை.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். ஏழு குழுக்களிலும் என்னைச் சேர்க்கச் சொல்லி மச்சானுக்குத் தகவல் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் நானே அனுப்பினேன். மகள் பக்கத்தில் நின்று, அனுப்பியதை எண்ணினாள். ஏழாவது போனதும் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். சோறு ஆறியிருந்தது. சூடாக்கித் தரட்டுமா என்று கேட்டேன். தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.